கல் கொடுத்த ஊர்கள்

நுழையும்முன்

நாம் வாழும் வீடும் நடக்கும் சாலையும் எங்கோ ஒரு மலையின் பகுதியாக இருந்தவை. அந்த மலையை உடைத்தவர்கள் யார்? உடைத்து முடித்த இடம் என்ன ஆயிற்று? சென்னையின் தென் புறநகரில் கைவிடப்பட்டுக் கிடக்கும் கல்குவாரிகளை முன்வைத்து, உழைப்பின் இடர்களையும் உழைப்பு நின்ற பின்னும் நீங்காத இடர்களையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மலை இருந்த இடம்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர்வண்டி மீனம்பாக்கத்தைக் கடந்ததும், வலப்பக்கம் வானூர்தி நிலையமும் இடப்பக்கம் திரிசூலத்துக் குன்றுகளும் தோன்றும். 1931ஆம் ஆண்டு இத்தடத்தில் மின்வண்டி ஓடத் தொடங்கியபோது பயணிகள் கண்ட குன்றுகள் வேறு. இன்று நாம் காண்பவை வேறு. சில குன்றுகளின் ஒரு பக்கம், கத்தியால் அரிந்த வெல்லக்கட்டிபோல் நெட்டுக்குத்தாக நிற்கிறது. சில குன்றுகள் இருந்த இடத்தில் பள்ளமே எஞ்சியிருக்கிறது. அங்கிருந்த கல் எங்கே போயிற்று? விடை நம் காலடியிலேயே இருக்கிறது. வீட்டின் அடித்தளத்திலும் மாடியின் கூரையிலும் சாலையிலும் ஜல்லியாகக் கிடப்பது மலைதான்.

திரிசூலம், பல்லாவரம், பம்மல், கீழ்க்கட்டளை, நன்மங்கலம், எருமையூர், சிக்கராயபுரம் எனத் தென் புறநகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் கல்குவாரிகள் இயங்கின. அவற்றுள் பல இன்று ஓய்ந்துவிட்டன. ஓய்ந்த குவாரியில் மழைநீரும் ஊற்றுநீரும் சேர்ந்து பச்சை நிறத்தில் தேங்கி நிற்கும். அதனை மக்கள் கல்குட்டை என்பர். பெயரில் குட்டை இருப்பினும் ஆழத்தில் அது குட்டையன்று.

கோடை விடுமுறையின் ஒரு பிற்பகலில், பதினொன்றாம் வகுப்பு பயிலும் மாணவர் இருவர் அத்தகைய ஒரு கல்குட்டையைக் காணச் சென்றனர். வேலிக்கம்பி ஓரிடத்தில் அறுந்து கிடந்தது. அதன் வழியே நுழைந்தவர்கள், பாறையின் விளிம்பில் ஒரு பெரியவர் அமர்ந்திருப்பதைக் கண்டனர். அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்கவர்; ஒல்லியான உடல்; பேசுவதற்கு முன்பே இருமல் வந்தது. அவர் அருகில் சுருட்டி வைத்த நீண்ட கயிறும், அதன் நுனியில் கட்டிய இருபது லிட்டர் தண்ணீர்க் கேனும் இருந்தன. குடிநீர் மொள்ள வந்திருக்கிறார் போலும் என்று மாணவர்கள் எண்ணினர்.

"தம்பிகளா, விளிம்புக்குப் போகாதீர்கள். குவாரியைப் பார்க்க வேண்டும் என்றால் நானே காட்டுகிறேன். இருபத்தைந்து ஆண்டு இங்கே கல் உடைத்தவன்" என்றார் அவர்.

கல்லின் வயது

பெரியவர் முதலில் காட்டியது பாறையின் நிறத்தை. புதிதாக உடைந்த இடத்தில் நீலமும் கருமையும் கலந்த மினுமினுப்பு இருந்தது. தொழிலாளர்கள் இதனைக் கருங்கல் என்பர். நிலவியலார் சார்னோக்கைட் என்பர். கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தோற்றுவித்த ஜோப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கல், சென்னைப் பகுதியிலிருந்து சென்ற இவ்வகைப் பாறையால் ஆனது. அதனை ஆராய்ந்த நிலவியலறிஞர் தாமஸ் ஹாலந்து 1893இல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். இப்பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். பரங்கிமலையில் உள்ள சார்னோக்கைட் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது.

கல்லோடு மனிதன் கொண்ட உறவும் இங்கு மிகப் பழைமையானது. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பல்லாவரத்தில் படையணிவகுப்புத் திடலருகே சரளைமண்ணில் கிடந்த ஒரு கல்லை ராபர்ட் புரூஸ் ஃபூட் கையில் எடுத்தார். பழைய கற்கால மனிதன் செதுக்கிய கருவி அது. இந்தியாவில் பழைய கற்காலத்தை அடையாளம் காட்டிய முதற்சான்றாக அது போற்றப்படுகிறது. பின்னர், கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் இதே பல்லாவரத்துக் குன்றில் குடைவரை ஒன்றைக் குடைவித்தான். கற்கால மனிதன் கல்லைச் செதுக்கினான். பல்லவச் சிற்பி கல்லைக் குடைந்தான். இருவரும் மலையை மலையாகவே விட்டுச் சென்றனர். வெடிமருந்தும் வளரும் நகரத்தின் தேவையும் சேர்ந்த பிறகுதான் மலை பள்ளமாயிற்று.

குவாரியில் ஒரு நாள்

"விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பாறை அடுப்பாகிவிடும்" என்றார் பெரியவர்.

பாறையில் முதலில் துளையிட வேண்டும். ஒருவர் இரும்புத் துளைக்கோலைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருக்க, மற்றொருவர் சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பார். அடி பிசகினால் பிடித்தவர் கை போகும். பின்னர்க் காற்றழுத்தத்தால் இயங்கும் துளைப்பொறிகள் வந்தன. கை தப்பியது, ஆனால் தூசு பெருகியது. துளையில் மருந்து நிரப்பித் திரி வைத்து, சிவப்புக் கொடி காட்டி, 'வேட்டு, வேட்டு' என்று குரல் கொடுப்பர். எல்லாரும் மறைவிடம் தேடி ஓடுவர்.

"அப்போது என்ன செய்வீர்கள் தாத்தா?" என்று கேட்டான் ஒரு மாணவன்.

"எண்ணுவோம். பத்துக் குழியில் மருந்து வைத்தால் பத்துச் சத்தம் கேட்க வேண்டும். ஒன்பது கேட்டால், ஒன்று உள்ளே உயிரோடு இருக்கிறது என்று பொருள்."

வெடிக்காமல் நின்றுபோன வேட்டே குவாரியின் பேரிடர். உரிய நேரம் காத்திருக்க வேண்டும். அந்தத் துளையைத் தோண்டக் கூடாது. பொறுப்பாளர் மேற்பார்வையில் சற்று விலகி வேறு துளையிட்டு அதனைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். விதி இவ்வாறு இருக்க, கூலியோ உடைத்த கல்லின் அளவுக்குத்தான். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. ஆகவே காத்திருக்காமல் இறங்கியவர்கள் உண்டு. பெரியவரின் கூட்டாளி அவ்வாறு இறங்கியவர். அவர் விழுந்த இடத்தைப் பெரியவர் கையால் சுட்டினார். அது இப்போது நீருக்கடியில் இருந்தது.

வேட்டில் பெயர்ந்த பெருங்கற்களைக் கடப்பாரையால் நெம்பி உருட்டுவர். மேலே தளர்ந்து தொங்கும் பாறை எப்போது விழும் என்று சொல்ல முடியாது. இதற்காகவே, கடினப் பாறையானாலும் குவாரிச் சுவரைப் படிப்படியாக வெட்ட வேண்டும் என்கின்றன பாதுகாப்பு விதிகள். ஆனால் படியாக விடும் கல்லும் விற்பனைக்குரிய கல்லாயிற்றே என்ற எண்ணத்தில் நேர்ச்சுவராகவே வெட்டி இறங்கிய இடங்கள் பல. கீழே ஓலை நிழலில் பெண்கள் அமர்ந்து சிறுசுத்தியலால் ஜல்லி உடைப்பர். தெறிக்கும் சில்லு கண்ணைக் காவு கொள்ளும்.

வறண்ட மாவட்டங்களிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு குவாரிக்கு வந்தோர், அந்தக் கடன் தீராமல் அங்கேயே கட்டுண்டு கிடந்த நிலை நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. அரியானா மாநிலம் பரீதாபாத் பகுதிக் கல்குவாரித் தொழிலாளர் நிலைகுறித்து எழுதப்பட்ட கடிதம் ஒன்றையே மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், 1983 டிசம்பரில் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பை வழங்கியது. மனித மாண்போடு வாழும் உரிமை குவாரித் தொழிலாளிக்கும் உண்டு என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

கண்ணுக்குத் தெரியாத கல்

வேட்டின் இடர் காதுக்குக் கேட்கும். பாறையின் இடர் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதாக ஓர் இடர் உண்டு. அது காதுக்கும் கேளாது, கண்ணுக்கும் தெரியாது. துளையிடும்போதும் அரைவை ஆலையில் ஜல்லி உடைபடும்போதும் எழும் தூசில் சிலிக்கா என்னும் மணிமத்தின் நுண்துகள்கள் கலந்திருக்கும். பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். மிக நுண்ணிய துகள்களோ நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று தங்கிவிடும். உடல் அவற்றை எதிர்த்துப் போராடப் போராட, நுரையீரலில் தழும்புகள் உண்டாகும். மென்மையான காற்றுப்பை மெல்ல மெல்ல இறுகும். இந்நோயைச் சிலிக்கோசிஸ் என்பர்.

இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. குவாரியை விட்டு வந்த பின்னும் நோய் வளர்ந்துகொண்டே போகக்கூடும். காசநோயும் இவர்களை எளிதில் பற்றும். இருமலை வெறும் காசநோய் என்றே கருதிவிடுவதும் உண்டு. பெரியவர் இருபத்தைந்து ஆண்டுகள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உழைத்தார். துண்டின் இழைகளுக்கிடையே உள்ள துளை, அந்தத் துகளுக்கு வாசற்கதவு போன்றது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் சொல்லவும் இல்லை.

தடுக்கும் வழிகள் அரியவை அல்ல. துளையிடும் இடத்தில் நீர் பாய்ச்சினால் தூசு பெரிதும் அடங்கும். அரைவை ஆலையை மூடி, தூசை உறிஞ்சும் பொறி அமைக்கலாம். தகுந்த முகக்கவசம் நுண்தூசைத் தடுக்கும்; குறித்த காலத்தில் எடுக்கும் நெஞ்சகக் கதிர்ப்படம் நோயை முன்கூட்டியே காட்டித் தரும். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், வெடிமருந்து பயன்படுத்தும் குவாரியையும் சுரங்கமாகவே கொண்டது. பதினெட்டு வயது நிரம்பாதவரை அங்குப் பணியில் அமர்த்தக் கூடாது என்றது. தொழிலால் வந்த நோயை அறிவிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது.

"உங்களுக்கு இழப்பீடு கிடைத்ததா தாத்தா?" என்று மாணவன் கேட்டான்.

"கேட்டேன் தம்பி. இங்கே வேலை செய்ததற்குச் சான்று கேட்டார்கள். எந்தப் பேரேட்டிலும் என் பெயர் இல்லை. ஒப்பந்தக்காரர் சம்பளத்தைக் கையில் கொடுத்தார், கணக்கில் எழுதவில்லை."

பெரியவர் சிரித்தார். சிரிப்பு இருமலாய் முடிந்தது. "இந்தக் குழிதான் சான்று. ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போக முடியுமா?"

ஓய்ந்த பின்னும் ஓயாதது

குடியிருப்புகள் நெருங்கின, விதிகள் இறுகின, கல்லும் ஆழத்துக்குப் போயிற்று. குவாரிகள் ஒவ்வொன்றாக நின்றன. பொறிகள் சென்றன, ஆட்கள் கலைந்தனர். பள்ளம் மட்டும் நின்றது. அருகிலுள்ள குரோம்பேட்டை, குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் பெயர் பெற்ற ஊர். அந்த ஆலை ஓய்ந்துவிட்டது. பெயர் மட்டும் நின்றது. பெயரால் எவருக்கும் தீங்கு இல்லை. குவாரி விட்டுச் சென்ற பள்ளமோ உயிர் கேட்கும் பள்ளம்.

ஏரிக்குக் கரை உண்டு. ஆழம் படிப்படியாக வளரும். கல்குட்டைக்குக் கரை இல்லை. விளிம்பிலிருந்து ஓர் அடி வைத்தால் மறு அடிக்குத் தரை இராது. நீருக்கடியில் துண்டுபட்ட பாறைகளும் விடுபட்ட இரும்புக் கம்பிகளும் கிடக்கும். மேலிருந்து குதிப்பவரின் தலை அவற்றில்தான் மோதும். மேற்பரப்பு வெயிலில் வெதுவெதுப்பாக இருப்பினும் ஆழத்து நீர் குளிர்ந்திருக்கும்; திடீர்க் குளிரில் தசை பிடித்துக்கொள்ளும். நீந்திக் களைத்தவர் பற்றி ஏற நினைத்தால், பாசி படிந்த நேர்ச்சுவரில் கைப்பிடி கிடைக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் கல்குட்டையில் உயிர் இழப்பதன் காரணம் இதுவே. ஒருவரைக் காப்பாற்றக் குதித்த நண்பரும் அவரோடு மூழ்கிய துயரச் செய்திகள் கோடைதோறும் வருகின்றன.

ஆயினும் குழி முழுவதும் தீமை என்று கூறிவிட முடியாது. 2017ஆம் ஆண்டு வறட்சியிலும் 2019ஆம் ஆண்டு வறட்சியிலும் சென்னையின் ஏரிகள் வற்றியபோது, சிக்கராயபுரம் கல்குட்டைகளின் நீரைச் செம்பரம்பாக்கத்திற்குக் கொண்டுசென்று தூய்மைப்படுத்தி நகருக்கு வழங்கினர். சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் வந்த அந்த 2019இல், கைவிடப்பட்ட பள்ளங்களும் நகரின் தாகத்தைத் தணித்தன. நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய குவாரிச் சுவர்களில் கொம்பன் ஆந்தைகள் வாழ்கின்றன. மனிதன் விட்டுச் சென்ற இடத்தை இயற்கை தனக்குரியதாக்கிக்கொள்கிறது. மனிதன் செய்ய வேண்டிய காவலைத்தான் இயற்கை செய்து தராது.

ஓர் இரும்பாலை கற்பிப்பது

தொழில் ஓய்ந்த இடத்தை என்ன செய்வது என்னும் வினா நமக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் மூடப்பட்ட இரும்பாலைகளும் எஃகு ஆலைகளும் இதே வினாவை எழுப்பி நிற்கின்றன. துருவேறிய படிக்கட்டுகள், மூடப்படாத குழிகள், குழாய்களில் எஞ்சிய நச்சு வாயு என அவற்றிலும் இடர்கள் மறைந்திருக்கும். துணிவைக் காட்ட நுழையும் இளைஞர்கள் அங்கும் உயிர் இழக்கிறார்கள்.

ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 1901இல் தொடங்கப்பட்ட இரும்பாலை ஒன்று 1985இல் மூடப்பட்டது. அதனை இடித்துத் தள்ளாமலும், வேலியிட்டு மறந்துவிடாமலும் பொதுப்பூங்காவாக மாற்ற முடிவு செய்தனர். நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ் திட்டம் வகுத்தார். 1994இல் பூங்கா திறக்கப்பட்டது. ஊதுலையின் மீது மக்கள் பாதுகாப்பான படிகளில் ஏறி ஊரைப் பார்க்கின்றனர். வாயு சேமித்த பெருங்கலனில் நீர் நிரப்பி, பயிற்சி பெற்றவர்கள் முக்குளிக்க வழி செய்துள்ளனர். அதன் ஆழம் 13 மீட்டர். அங்கு உழைத்த தாத்தாக்கள், தாம் செய்த வேலையைப் பேரப்பிள்ளைகளுக்கு நடந்து காட்டும் இடமாக அது விளங்க வேண்டும் என்பது லாட்ஸின் எண்ணம்.

அங்கும் ஆழ்ந்த நீர் உண்டு, இங்கும் உண்டு. அங்கே அதற்கொரு பொறுப்பாளர் இருக்கிறார். குவாரியைக் கைவிடுமுன் விளிம்பைச் சுற்றி வேலியிட வேண்டும் என்னும் விதி நம் நாட்டிலும் உண்டு. இட்ட வேலி அறுந்தால் அதனை மீண்டும் கட்டுபவர் யார் என்பதே தீராத வினா. 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் பல்லாவரமும் பம்மலும் அடங்கிவிட்டன. நகரம் வளர்ந்து குழியின் விளிம்புக்கே வந்துவிட்டது. இனி அது ஊருக்கு வெளியே உள்ள இடமன்று; ஊரின் நடுவே உள்ள பொறுப்பு.

கயிறு

வெயில் தாழ்ந்தது. மாணவர்கள் புறப்பட எழுந்தனர். ஒருவன் கயிற்றையும் கேனையும் காட்டி, "தண்ணீர் மொள்ளவில்லையா தாத்தா?" என்று கேட்டான்.

பெரியவர் சற்று நேரம் நீரையே பார்த்திருந்தார்.

"சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் விழுந்தான். உங்கள் வயது இருக்கும். நான் இங்கேதான் நின்றேன். குதித்தால் என் மூச்சு தாங்காது. எறிவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. வெறும் கேன் மிதக்கும், பிடித்துக்கொள்ளலாம். அதிலிருந்து விடுமுறை நாளில் இதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்."

மாணவர்கள் பேசவில்லை. அவர்களது பைகளில் குளித்த பின் மாற்றிக்கொள்ள உடைகள் இருந்தன. பெரியவர் அவற்றைக் கேட்கவும் இல்லை. அவர்கள் காட்டவும் இல்லை.

அறுந்த வேலியின் வழியே வெளியே வந்ததும், மூத்தவன் நின்றான். தொங்கிக்கொண்டிருந்த கம்பியை இழுத்துத் தூணில் சுற்றினான். மற்றவன் மறுமுனையை முறுக்கிக் கட்டினான். அது உறுதியான கட்டு அன்று. மறுநாள் எவரேனும் அவிழ்த்துவிடலாம். அதனால் வீடு திரும்பியதும் இருவரும் அமர்ந்து, வேலியைச் சீரமைக்கவும் எச்சரிக்கைப் பலகை வைக்கவும் வேண்டி மாநகராட்சி ஆணையருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினர். எவர் பேரேட்டிலும் பெயர் இல்லாத ஒருவர் பல ஆண்டுகளாகத் தனியே செய்துவரும் காவலை, அவ்விண்ணப்பத்தின் முதல் பத்தியில் குறிப்பிட்டிருந்தனர்.

தெரிந்து தெளிவோம்

நீரில் ஒருவர் தத்தளிக்கக் கண்டால்:
• உடனே நீரில் குதிக்கக் கூடாது. உரத்த குரலில் உதவிக்கு அழைக்க வேண்டும்.
• கயிறு, நீண்ட கழி, வேட்டி, சேலை ஆகியவற்றுள் ஒன்றை நீட்ட வேண்டும். நீட்டுபவர் தரையில் படுத்துக்கொள்வது நலம்.
• மிதக்கக்கூடிய வெற்றுக் கேன், பந்து முதலியவற்றை எறியலாம்.
• 112 என்னும் அவசர உதவி எண்ணையோ, தீயணைப்பு மீட்புப் பணிக்கு 101, மருத்துவ ஊர்திக்கு 108 ஆகிய எண்களையோ அழைக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் முன்பு இயங்கி இன்று ஓய்ந்துவிட்ட தொழிலகம் ஒன்றைப் பற்றி, அங்குப் பணியாற்றிய பெரியவர் ஒருவரிடம் நேர்காணல் செய்து எழுதுக. அவ்விடத்திற்குத் தனியே செல்லுதல் கூடாது.
2. கைவிடப்பட்ட கல்குட்டைக்கு வேலி அமைக்க வேண்டி உள்ளாட்சி அமைப்பிற்கு விண்ணப்பம் வரைக.
3. 'தொழிலாளியின் பெயர் பேரேட்டில் இடம்பெறுவது ஏன் இன்றியமையாதது?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.